ஒரே வேர்... ரெண்டு வேலை!

காலையில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிற கூட்டத்தைப் பார்க்கலாம். 2005-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு எங்க தாத்தாவும் ரெகுலர் விசிட்டர். சர்க்கரை வியாதி, கால் விரலில் ஆறாத புண்!

போன வாரம் சிங்கப்பூர் சொந்தக்காரர் ஒருத்தர் ஜின்செங் மாத்திரை டப்பா கொடுத்துட்டுப் போனார். ''இன்ஜினீயர் சார்... சீனாக்காரன் மூலிகையாம். மூலிகைதானே, என்ன பண்ணிடும்?'' என்றார் தாத்தா. பதில் தெரியலை. தேடினேன்.

புண் ஆறணும்னா அங்கே ரத்தம் போகணும். அதுக்குப் புதுசா குட்டிக் குட்டி ரத்தக் குழாய்கள் முளைக்கணும். ஆனா, அதே குழாய்கள் கண்ணின் விழித்திரையில் முளைத்தால்? ரத்தம் கசிந்து பார்வையே போகலாம். சர்க்கரைக்காரங்களுக்கு காலில் பற்றாக்குறை, கண்ணில் ஓவர் புரொடக்‌ஷன்! கேன்சர் கட்டியும் இப்படிக் குழாய் இழுத்துத்தான் வளருது. 'அந்த சப்ளையை நிறுத்தினால் கட்டி வளராது' என்று 1971-லேயே எழுதினார் அமெரிக்க சர்ஜன் ஜூடா ஃபோக்மேன்.

சரி, ஜின்செங் என்ன பண்ணும்? 2004-ல் ஷிலாதித்ய சென்குப்தாவும் அமெரிக்க எம்.ஐ.டி., கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளும் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லீங்க!) சோதித்தார்கள். அந்த வேரில் இருக்கும் ஆர்.ஜி.1 என்ற பொருள் குழாய்களை வளர்க்குது. ஆர்.பி.1 என்ற இன்னொண்ணு தடுக்குது. எது அதிகமோ, அதன் கைதான் ஓங்கும். வேரின் ரகம் மாறினால் இந்த விகிதமும் மாறும். ஆக, டப்பா மேல 'ஜின்செங்'னு மட்டும் போட்டிருந்தா ஒண்ணும் புரியாது!

நம்ம குரோம்பேட்டையும் சும்மா இல்லை. எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தினர், கோழி முட்டைக் கருவில் ரத்தக் குழாய்களை ஆராய்ந்தவங்க. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகளின் கை, கால் வளர்ச்சியைக் கெடுத்த தாலிடோமைடு மருந்தின் பாதிப்பை, நைட்ரிக் ஆக்ஸைடு குறைப்பதாக 2012-ல் அவங்க ஆய்வு வெளியானது. குழாய் வளர்ச்சி தப்பான நேரத்தில் தடைபட்டால் என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்த மருந்தே சாட்சி.

தாத்தாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். டப்பாவோடு, சாப்பிடுகிற மத்த மாத்திரைகளையும் பையில் போட்டுக்கிட்டு சர்க்கரை டாக்டரிடம் போனோம். டப்பாவைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி... ''கண் டெஸ்ட் எப்போ பண்ணீங்க?''

தாத்தா என்னைப் பார்த்தார். டெஸ்ட் நாளைக்கு!