புள்ளிக்கும் ஒரு கட்டம்

விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே ஆறெழுத்து ஊர்கள். வி, ழு, ப், பு, ர, ம்; தி, ண், டி, வ, ன, ம். பேருந்தின் நெற்றிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் சரிசமமாக உட்காரும். இதே பெயர்களைப் பிரெயிலில் எழுதிக் கட்டங்களை எண்ணினால் கணக்கு மாறிவிடுகிறது. விழுப்புரத்துக்கு 11 கட்டம், திண்டிவனத்துக்கு 10. நடுவில் இடைவெளிக்கு ஒன்று. ஆக மொத்தம் 22.

கையடக்கமான பிரெயில் கருவிகள் பலவற்றில் ஒரு நேரத்தில் விரலுக்குக் கிடைப்பது 20 கட்டங்கள்தான். விழுப்புரத்தில் ஏறியவர் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் வரி தீர்ந்துவிடும். ‘விழுப்புரம் திண்டிவன’ என்பதோடு கட்டங்கள் முடிந்து, மிச்சமிருக்கும் ‘ம்’ அடுத்த வரிக்குப் போய்விடும். கருவி கொஞ்சம் விவரமானதாக இருந்தால் சொல்லை உடைக்காமல் திண்டிவனத்தை முழுசாகக் கீழே இறக்கும். அப்போது மேல்வரியில் எட்டுக் கட்டம் வீணாகக் கிடக்கும். சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களுக்கு ஒரே வரியில் இடமில்லை.

ஆறு எழுத்து எப்படி 11 கட்டமாகிறது? பிரெயிலின் ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது, எது படுத்திருக்கிறது என்பதை வைத்து, வெற்றுக் கட்டத்தையும் சேர்த்தால் 64 வடிவங்கள் கிடைக்கும். லூயி பிரெயில் இந்த முறையை 1829இல் வெளியிட்டார். அவருக்கு முன்னால் பார்பியே என்பவர் 12 புள்ளிகளை வைத்து ஒரு முறை செய்திருந்தார். அது விரல்நுனிக்குள் அடங்கவில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேட வேண்டியிருந்தது. ஆறு புள்ளி என்பது விரல்நுனியின் அளவு. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர், கட்டத்துக்குக் கட்டம் 6, வரிக்கு வரி 10. கண்ணுக்கான எழுத்தைப் போல இதைச் சுருக்கவும் முடியாது, பெருக்கவும் முடியாது. இடம் போதவில்லை என்றால் எழுத்தைப் பொடியாக்கிச் சமாளிக்கும் வழி பிரெயிலில் கிடையாது. வடிவமைப்பில் வரும் தலைவலிகள் முக்கால்வாசி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தமிழ்ப் பிரெயிலுக்குப் பழைய வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கியது 1890இல். அந்தக் காலத்தில் இந்தியாவில் பள்ளிக்கு ஒரு புள்ளி முறை என்கிற நிலை இருந்தது. 1951இல் பாரதி பிரெயில் என்ற பொது முறை ஏற்கப்பட்டது. தமிழ் ‘க’வும் இந்தி ‘க’வும் வங்காள ‘க’வும் ஒரே புள்ளிகள், ஆங்கிலத்தின் ‘கே’யும் அதேதான்.

இந்த முறையில் உயிர்மெய் என்ற ஒற்றை எழுத்து இல்லை. ‘வி’ என்பது வகரம் ஒரு கட்டம், இகரம் ஒரு கட்டம். கொம்பு, கால், சுழி எதுவும் கிடையாது. அச்சில் ‘கொ’ எழுதும்போது ககரத்துக்கு இரு பக்கமும் காவல் நிற்கும் குறிகள், பிரெயிலில் ககரத்துக்குப் பின்னால் ஒரே ஓர் ஒகரமாக வரிசையில் வந்துவிடும். எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர்கள் கனவு கண்ட எளிமை இதுவாக இருக்கலாம். ஆனால் மெய்யெழுத்தின் தலையில் நாம் செலவில்லாமல் வைக்கும் புள்ளிக்கு இங்கே தனியாக ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். நான்காம் எண் புள்ளி மட்டும் எழும்பிய கட்டம் அது. வருவதும் எழுத்துக்குப் பின்னால் அல்ல, முன்னால். முதலில் புள்ளி, பிறகு மகரம், சேர்த்தால் ‘ம்’. ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு கட்டம் முழுவதையும் ஒற்றைப் புள்ளிக்காகக் கொடுக்கிறோம். ஒற்றெழுத்து மலிந்த தமிழ் பிரெயிலில் நீளுவதற்கு இது பெரிய காரணம்.

இதிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. ணகரத்துக்கான புள்ளிகள் 3, 4, 5, 6. எண் வரப்போகிறது என்று அறிவிக்கும் குறிக்கும் அதே 3, 4, 5, 6. எண்களுக்கென்று தனி வடிவங்கள் பிரெயிலில் இல்லை. எண்குறியைப் போட்டு அதன்பின் ஆங்கில வரிசையின் முதல் பத்து எழுத்துகளை எழுதினால் அவை 1 முதல் 0 வரை ஆகிவிடும். தமிழ் இகரமும் 9 என்ற எண்ணும் ஒரே வடிவம். அப்படியானால் ‘கணிதம்’ என்று எழுதினால் உள்ளே ‘ணி’ இருக்கும் இடத்தில் 9 ஒளிந்திருக்கிறது. படிப்பவர் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்? விடை இலக்கணத்தில் இருக்கிறது. ணகரம் தமிழில் மொழிமுதலாக வராது. சொல்லின் தொடக்கத்தில் விரலுக்கு அந்த வடிவம் தட்டுப்பட்டால் அது எண்; நடுவிலோ கடைசியிலோ தட்டுப்பட்டால் ணகரம். எந்த எழுத்து எங்கே வரும் என்று தொல்காப்பியர் வகுத்த விதி, அவர் நினைத்தே பார்க்காத ஓர் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. லகரத்தையும் ளகரத்தையும் பாருங்கள். இடப்பக்க மூன்று புள்ளிகளும் எழும்பினால் ல. வலப்பக்க மூன்றும் எழும்பினால் ள. கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம்.

கணினி படித்துக் காட்டுவதைக் கேட்டே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாமே, பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பு வேகத்துக்குக் குரல் நல்லதுதான். ஆனால் ‘மனம்’ என்பதையும் ‘மணம்’ என்பதையும் குரல் எவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடப் போகிறது? ரகர றகரமோ நகர னகரமோ காதுக்கு வித்தியாசம் தெரிவது இன்னும் கடினம். எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டுமென்றால் எழுத்தைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டும்.

தொட்டு எழுதுவதற்கு நம் பள்ளிகளில் முதலில் கிடைப்பது ஸ்லேட்டும் ஸ்டைலஸும். தாளைச் சட்டத்தில் கவ்வவைத்து, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். திருப்பினால் மறுபக்கம் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இதற்கு அடுத்த படிதான் நோட்டேக்கர் எனப்படும் குறிப்பெடுக்கும் கருவி. ஆறு விசைகள், ஓர் இடைவெளி விசை. எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில், வீணையில் பல தந்திகளைச் சேர்த்து மீட்டுவதுபோல், அழுத்த வேண்டும். விசைகளுக்குக் கீழே ஒரு வரி பிரெயில். அதில் ஊசிமுனைகள் மேலெழும்பியும் தாழ்ந்தும் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு முனையையும் தூக்குவது பீசோ மின்தகடு. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் தன்மை அதற்கு உண்டு. ஒரு கட்டத்துக்கு எட்டு முனைகள்; எழுத்துக்கு ஆறு போக, கர்சர் எங்கே நிற்கிறது என்று காட்டக் கீழே இரண்டு. இத்தனை தகடுகளை நெருக்கமாக அடுக்குவதால்தான் விலை ஏறுகிறது. விலையைக் குறைக்கவே கட்டங்களைக் குறைக்கிறார்கள். ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவி பீசோவை விட்டு வேறு வழியில் போய் விலையைக் குறைத்தது. டெல்லி ஐஐடி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் முதலானவை சேர்ந்து உருவாக்கிய டாட்புக் 2019இல் வெளிவந்தது. அதிலும் 20 கட்ட வகை ஒன்று, 40 கட்ட வகை ஒன்று.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி மாணவி, உதவித்தொகை கேட்டு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, இடம், நாள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பழகிய இந்த அமைப்பு முழுவதும் கண்ணை நம்பி உருவானது. தலைப்பு நடுவில் வரும், ‘இப்படிக்கு’ வலது ஓரத்தில் வரும். பார்ப்பவர் ஒரே பார்வையில் கையெழுத்து இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். விரலுக்கு அப்படி முழுத்தாளும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. அது இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கும். 30 கட்ட வரியில் ‘இப்படிக்கு’ என்ற பத்துக் கட்டச் சொல்லை வலது ஓரத்தில் ஒட்டவைத்தால், அதற்கு முன்னால் இருபது கட்டம் வெறுமை. வெற்று வரி என்று நினைத்து விரல் அதைத் தாண்டிப் போய்விடலாம். அதனால் பிரெயிலில் பத்தி தொடங்க இரண்டு கட்டம் உள்ளே தள்ளுவது போன்ற சிறிய நகர்த்தல்களுக்கே மதிப்பு அதிகம். பட்டியல் என்றால் நேர்மாறு: ஒவ்வொரு இனமும் ஓரத்தில் தொடங்கும், அதன் மிச்சம் அடுத்த வரியில் இரண்டு கட்டம் உள்ளே தள்ளி வரும். கீழிறங்கும் விரல் ஓரத்தில் தட்டுப்படுவதை மட்டும் தொட்டால் போதும், அடுத்த இனம் கிடைத்துவிடும். அட்டவணைதான் பெரும் தொல்லை. ரயில் நேரப் பட்டியலில் ஊர்ப் பெயருக்கும் நேரத்துக்கும் நடுவே இருக்கும் வெளியில் விரல் வழி தவறாமலிருக்க, அந்த வெளி நெடுகப் புள்ளிகளைத் தூவி வழிகாட்டும் வழக்கம் உண்டு. மேல்மருவத்தூருக்கு மட்டும் 14 கட்டம் வேண்டும் என்பதால், அட்டவணையை உடைத்து ஊருக்கு ஒரு வரி, நேரத்துக்கு ஒரு வரி என்று எழுதிவிடுவதே மேல் என்பது என் கட்சி.

அச்சிடும்போது என்ன ஆகிறது? பிரெயில் தாளை அடிக்கும் இயந்திரத்துக்கு எம்பாசர் என்று பெயர். சிறு சுத்திகள் கெட்டித் தாளில் புள்ளிகளைக் குத்தி எழுப்பும். பக்கத்து அறைவரை சத்தம் கேட்கும். சில எம்பாசர்கள் தாளின் இரு பக்கமும் அடிக்கும். பின்பக்கப் புள்ளிகள் முன்பக்கப் புள்ளிகளின் சந்துகளில் விழும்படி சற்றே நகர்த்தி அடிப்பதால் விரல் குழம்புவதில்லை. அமெரிக்க அகலத் தாளில் வரிக்கு 40 கட்டம் பிடிக்கும். நாம் பயன்படுத்தும் ஏ4 தாளில் ஓரம் போக 30-ஐ ஒட்டித்தான். கோளாறு வருவது இந்த இடத்தில்தான்.

நம் மாணவி ‘விழுப்புரம் திண்டிவனம்’ என்ற 22 கட்டத் தலைப்பை நடுவில் கொண்டுவர, 40 கட்டத்தை மனத்தில் வைத்து ஒன்பது முறை இடைவெளி விசையைத் தட்டியிருக்கிறாள். எம்பாசரில் இருப்பதோ 30 கட்டத் தாள். ஒன்பதும் இருபத்திரண்டும் சேர்ந்து முப்பத்தொன்று. ஒரே ஒரு கட்டம் கூடிவிட்டது. இயந்திரம் சொல்லைப் பார்க்காமல் கட்டத்தை மட்டும் எண்ணினால், மெய்ப்புள்ளி மேல்வரியின் கடைசியில் தனியாகத் தங்கிவிட, மகரம் அடுத்த வரிக்கு விழும். புள்ளியை இழந்த ‘ம’வாக அது கிடக்கும். இடைவெளியைத் தட்டாமல், நடுவில் வை என்ற கட்டளையைக் கருவிக்குக் கொடுத்திருந்தால் தாளின் அகலத்தைக் கேட்டு அதுவே கணக்குப் போட்டிருக்கும். வார்த்தைகளை இடைவெளியால் தள்ளித் தள்ளி நகர்த்தும் பழக்கம் கண்ணுள்ளவர்களிடமும் நிறைய உண்டு. நம் தவற்றை மையில் அச்சான தாள் மன்னித்துவிடுகிறது.

முழு ஆவணமும் 40 கட்டத்துக்கு வரி உடைக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருந்தால் இன்னும் கொடுமை. 30 கட்ட எம்பாசரில் ஒரு முழு வரி, அதன்கீழ் பத்துக் கட்டத் துண்டு வரி, மறுபடி முழு வரி என்று தாள் நெடுகப் படிக்கட்டு விழும். ஏற்கெனவே அச்சின் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டு மூன்று பக்கம் ஆகிறது. இந்தப் படிக்கட்டு சேர்ந்தால் தாள்கட்டு இன்னும் பெருக்கும்.

இன்னொரு விபத்து. பிரெயில் கோப்பு கணினிக்குள் பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகையின் 64 குறிகளாகத்தான் இருக்கும். எந்த மொழியானாலும் அப்படித்தான். திண்டிவனம் என்ற பெயர் அதில் டி, ஐ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். மெய்ப்புள்ளிக்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி, ணகரத்துக்கு ஹாஷ் குறி, டகரத்துக்கு ஓர் அடைப்புக்குறி, னகரத்துக்கு அரைப்புள்ளி. எம்பாசருக்கு அனுப்பினால் அழகான தமிழ். அதே கோப்பைத் தவறுதலாகச் சாதாரண பிரிண்டருக்கு அனுப்பினால் யாரோ விசைப்பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டதுபோல் ஒரு தாள் வரும். அனுப்பியவருக்கு அது தெரியவும் தெரியாது. அலுவலக மேசையில் அந்தத் தாளை யாராவது விரிக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே மையில் அச்சிடுவதற்கு முன்னால் பிரெயிலைத் திரும்பவும் தமிழ் எழுத்தாக மொழிபெயர்க்க வேண்டும். லிப்லூயிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் தமிழுக்கான அட்டவணை உண்டு. என்விடிஏ திரைவாசிப்பானுக்குள் வேலை செய்வது அதுதான். நல்ல நோட்டேக்கர்களில் பிரெயில் தாளுக்கு ஓர் அமைப்பும் மைத்தாளுக்கு வேறோர் அமைப்பும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மனுவில் பிரெயில் படியில் இடது ஓரத்தை ஒட்டித் தொடங்கும் ‘இப்படிக்கு’, மைப்படியில் வலது ஓரத்தில் போய் நிற்கும்.

இரண்டு படிகளும் வந்துவிட்டன. பிரெயில் படியை மாணவி தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய மைத்தாள் விரலுக்கு இரு பக்கமும் ஒரே வழவழப்பு. எது மேல், எது முன்பக்கம் என்று தெரியாது. அவள் பழைய ஸ்டைலஸை எடுத்து, தாளின் மேல் மூலையில் ஒரே ஒரு புள்ளி குத்திவிட்டுப் பையில் வைக்கிறாள்.