காற்றுக் கைத்துப்பாக்கி வாங்குமுன்



கொட்டாஞ்சேனையில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். அவர் வீட்டின் பின்புறத்திலே எலியும் பெருச்சாளியும் பெருகிவிட்டன. மொட்டை மாடியிற் காயவைத்த வடகத்தைக் காகங்கள் விட்டுவைப்பதில்லை. பதினேழு வயது மகனுக்கோ, ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியிற் பார்த்த நாள்முதல், குறிபார்த்துச் சுடும் கலையிலே தீராத ஆசை. "நல்ல எயார் பிஸ்டல் ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டு காரியமும் முடிந்துவிடும் அல்லவா? எதனை வாங்கலாம்?" என்பது அவர் கேள்வி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் வீழ்த்த எண்ணினார் நண்பர். அவ்விரண்டு மாங்காய்களும் ஒரே மரத்திற் காய்த்தவை அல்ல என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிலே கருவியை அறிந்துகொள்வோம். வெடிமருந்து இன்றி, அமுக்கப்பட்ட காற்றின் வலிமையால் ஈயச் சன்னத்தைத் தள்ளுவது காற்றுத் துப்பாக்கி. இது புதுமையானது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒஸ்திரியப் படையினர் ஜிரார்தோனி என்பவர் ஆக்கிய காற்றுத் துப்பாக்கியைப் போர்க்களத்திற் கையாண்டனர். இன்றைய கைத்துப்பாக்கி அவ்வளவு வல்லமை உடையதன்று. போட்டிக்குரிய சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், நிறை ஏறக்குறைய அரைக் கிராம். அது செக்கனுக்கு 150 மீற்றர் வேகத்திற் சென்றால் அதன் சக்தி ஐந்தரை யூல் அளவினதே. பிரித்தானியச் சட்டம் கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய 8 யூலையும், தோளில் வைத்துச் சுடும் காற்று ரைபிளுக்கு 16 யூலையும் சாதாரண எல்லையாக வகுத்திருப்பது, இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நன்கு காட்டும்.

காற்றை அமுக்கும் முறையைக் கொண்டு இக்கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுருள்வில் வகை. ஒவ்வொரு முறையும் வில்லை இழுத்துப் பூட்டவேண்டும். விசையை அழுத்தியதும் வில் விடுபட்டு, உந்தியை முன்னே தள்ளிக் காற்றை அமுக்கும். உறுதியானது, வேறு எதனையும் வேண்டாதது. ஆயினும், சன்னம் குழலை விட்டு நீங்குமுன்னரே உள்ளிருக்கும் கனமான உந்தி அசைவதாற் கருவி குலுங்கும். பழகுவோனுடைய பிழை எது, கருவியின் பிழை எது என்று பிரித்தறிவது கடினம்.

இரண்டாவது, ஒரே இழுப்பிற் காற்றை அடைத்து வைக்கும் வகை. நெம்புகோலை ஒருமுறை திறந்து மூடினால் ஒரு சூட்டுக்கு வேண்டிய காற்று அறையிலே சேர்ந்துவிடும். குலுக்கம் மிகக் குறைவு. வாயுக் குப்பி வேண்டாம். காற்றடிக்கும் பம்பும் வேண்டாம். வீட்டிலிருந்து பழகத் தொடங்குவோருக்கு இதனினும் ஏற்றது இல்லை என்பேன்.

மூன்றாவது, காபனீரொட்சைட்டு வாயுக் குப்பியால் இயங்குவது. சுடுவது எளிது, விலையும் பெரும்பாலும் மலிவு. ஆனால் இவ்வாயுவின் அமுக்கம் வெப்பநிலையைப் பின்பற்றி ஏறியிறங்கும். 20 பாகை செல்சியசிலே 57 பார் அளவில் உள்ள அமுக்கம், 30 பாகையில் 72 பாரை எட்டிவிடும். 31 பாகைக்கு மேலே இவ்வாயு திரவ நிலையில் நிற்பதே இல்லை. கொழும்பின் நண்பகல் வெப்பமோ அந்த எல்லையைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆதலின் காலையிற் சுட்ட சன்னம் ஓரிடத்திலும் நண்பகலிற் சுட்டது வேறோரிடத்திலும் விழக்கூடும். குப்பி பூட்டிய துப்பாக்கியை வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள் விட்டுச் செல்வதோ பேராபத்து.

நான்காவது, ஏறக்குறைய 200 பார் அமுக்கத்திற் காற்றை உருளையில் முன்னரே நிரப்பி வைக்கும் வகை. பன்னாட்டுப் போட்டிகளில் இன்று ஆட்சி செலுத்துவது இதுவே. குலுக்கம் இல்லை என்றே கூறலாம். ஆனால் விலை மிகுதி; நிரப்புவதற்குத் தனிப் பம்போ பெரிய உருளையோ வேண்டும்.

வகையைத் தெரிந்தபின் கைப்பிடியைப் பாருங்கள். குழலின் நீளத்தைவிடவும், விளம்பரத்திற் கூறும் வேகத்தைவிடவும், உள்ளங்கைக்குப் பொருந்தும் கைப்பிடியே முதன்மையானது. கண்ணை மூடிக்கொண்டு கருவியை உயர்த்திப் பின்னர் கண்ணைத் திறந்தால், முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்கோட்டில் நிற்கவேண்டும். நில்லாவிடின் அக்கைப்பிடி உமக்கு உரியதன்று. இடக்கைப் பழக்கமுடையோர் அதற்கென்று அமைந்த கைப்பிடியையே கேட்டு வாங்கவேண்டும்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 350 மில்லிமீற்றர் தூரம் என்று கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றர் தொலைவிலுள்ள அட்டையில் அப்பிழை ஏறக்குறைய 29 மில்லிமீற்றராகப் பெருகிவிடும். போட்டி அட்டையின் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், பத்துப் புள்ளி பெறவேண்டியவர் ஏழுடன் நிற்பார். ஆதலினாலேதான், கண்ணை இலக்கின்மேல் நிறுத்தாமல் முன்குறியின்மேல் நிறுத்துக என்று ஆசிரியர்கள் ஓயாது வற்புறுத்துவர்.

போட்டியிற் புகும் எண்ணமுடையோர் விதிகளையும் அறிந்திருத்தல் நன்று. கருவியின் நிறை 1,500 கிராமுக்கு மேற்படலாகாது. விசையை இழுக்க 500 கிராமுக்குக் குறையாத பலம் வேண்டும். ஒரு கையாலேயே ஏந்திச் சுடவேண்டும். இப்போட்டி 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒருங்கே தொடங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே இந்திய வீராங்கனை மனு பாக்கர் இதிலே தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்து மற்றுமொரு வெண்கலமும் வென்றார். காற்று ரைபிளிலே கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும், நம் நாட்டின் தெஹானி எகொடவெலவும் ஒலிம்பிக் அரங்கு வரை சென்றனர். நண்பருடைய மகனின் ஆசை வீணாசை அன்று என்பதற்கு இவையே சான்று.

இனி எலிக்கும் காகத்துக்கும் வருவோம். ஐந்தரை யூல் சக்தி அட்டையைத் துளைக்கப் போதும். ஓர் உயிரை வருத்தமின்றி உடனே மாய்க்கப் போதாது. அடிபட்ட எலி வளைக்குள் ஓடிக் கிடந்து துடிக்கும். பின்னர் வீடெங்கும் நாறும். ஓடும் பிராணியின் சிறு தலையை ஒற்றைக் கையாற் குறிவைத்து அடிப்பது, பல ஆண்டு பழகியவர்க்கும் அரிது. பறவைகளிற் பெரும்பாலானவற்றை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காக்கின்றன.

அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். மாடிக்கு எதிரே மாடி. சாளரத்துக்கு எதிரே சாளரம். கீழே பள்ளிப் பிள்ளைகள். மின்கம்பியிலிருக்கும் காகத்தை நோக்கி மேலே சுட்ட சன்னம் தவறினால் நூறு மீற்றருக்கு அப்பாலும் சென்று விழும். கொல்லும் வலிமை அதற்குப் பெரும்பாலும் இராது. ஆனால் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கும் வலிமை உண்டு. எந்தக் காகத்தின் விலை அது?

எலித்தொல்லை பொய்த்தொல்லை என்று நான் கூறவில்லை. 2008ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் என்ற ஐயத்தின் பேரிற் கணக்கிடப்பட்டனர். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறுமே அந்நோயைப் பரப்புகின்றன. ஆனால் அதற்கு மருந்து துப்பாக்கியன்று. குப்பையை மூடிய தொட்டியில் இடுதல், வடிகாலின் வாயிலே கம்பிவலை பொருத்துதல், சுவரிலுள்ள துளைகளைச் சீமெந்தால் அடைத்தல், சுவரோரமாகப் பொறி வைத்தல் ஆகிய இந்நான்கும் ஒரு மாதத்திற் செய்வதைத் துப்பாக்கி ஓராண்டிலும் செய்யாது. காகத்துக்கு, வடகத்தின்மேல் ஒரு வலை போதும்.

இறுதியாகச் சட்டமும் தோற்றமும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் ஆயுதங்களை ஆள்கிறது. கடைக்காரரின் வாய்மொழியை நம்பாமல், உரிய அதிகாரிகளிடம் எழுத்துமூலம் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். வாயுக் குப்பித் துப்பாக்கிகளிற் பல, பொலிசார் ஏந்தும் உண்மைத் துப்பாக்கியின் அச்சாகவே செய்யப்படுகின்றன. பத்தடி தூரத்தில் நின்று எவராலும் வேறுபாடு காண இயலாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தோருக்குச் சோதனை என்பது யாது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபின் தேடுதல்கள் மீண்டும் நடந்தன. அத்தகைய ஒரு நாளில் அலுமாரியிலிருந்து வெளிவரும் கறுப்புக் கைத்துப்பாக்கி விளையாட்டுப் பொருள்தான் என்பதைக் கூறி முடிக்கும்வரை, எதிரே நிற்பவர் பொறுத்திருப்பார் என்பது நிச்சயமன்று. ஆகவே, வாங்குவதாயின் போட்டிக் கருவியின் வடிவத்தையே வாங்குக. எடுத்துச் செல்லும்போது பூட்டிய பெட்டியில், அனுமதிப் பத்திரங்களுடன் எடுத்துச் செல்க.

வீட்டிற் பழகுவோர் இலக்கின் பின்னே சன்னத்தைத் தடுத்து நிறுத்தும் இரும்புப் பெட்டியை வைக்கவேண்டும், கண்ணாடி அணியவேண்டும், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. கடலோர வீடுகளில் உப்புக் காற்று எஃகை விரைவிலே அரிக்கும். ஆதலின் சுட்டு முடித்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியாற் புறத்தைத் துடைத்து வைத்தல் நலம்.

என் நண்பரிடம் இவற்றையெல்லாம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் இன்றைக்கு எதனை வாங்குவது?" என்று கேட்டார். "இன்றைக்கு இரண்டு எலிப்பொறிகளை வாங்குங்கள். மகனை முறையான கழகம் ஒன்றிலே சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழகத்தின் துப்பாக்கியிற் பழகியபின், எது தன் கைக்கு ஏற்றது என்று அவனே உங்களுக்குச் சொல்லுவான்" என்றேன்.

பொறிகள் வாங்கியாயிற்று. மகன் இப்பொழுது சனிக்கிழமை தோறும் பயிற்சிக்குப் போய் வருகிறான்.