ஸ்க்ரூவைத் தொடாதே... முதலில் காதைக் கொடு!

மாசக் கடைசியில் பெட்ரோல் பங்க்கில் நின்று, பின்னால் இருப்பவருக்குக் கேட்டுவிடாதபடி, "எழுபது ரூபாய்க்குப் போடுங்க" என்று கிசுகிசுக்கும் கோஷ்டியா நீங்கள்? கொடுங்கள் கையை! நானும் அதே கோஷ்டிதான்.

என்னுடையது 2008 மாடல், நூறு சி.சி. வண்டி. பெரம்பூரில் வீடு, கிண்டியில் ஆபீஸ். போக வர முப்பது கிலோமீட்டர், மாசம் இருபத்தாறு நாள். லிட்டருக்கு அறுபது கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, போன வருஷம் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்... 780 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடித்த வண்டி, பத்தொன்பதரை லிட்டர் குடிக்கிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாசா மாசம் 650 ரூபாய் சைலன்ஸர் வழியே போகிறது. பையனுடைய ட்ராயிங் க்ளாஸ் ஃபீஸே அதைவிடக் குறைச்சல், சார்!

ஆபீஸ் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கிக்கரில் ஒரு உதை. ஆக்ஸிலேட்டரில் இரண்டு முறுக்கு. "கார்புரேட்டர் போச்சு சார். புதுசு போட்றலாம். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்." முப்பது வினாடியில் தீர்ப்பு! டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தானே மருந்து எழுதுகிறார்?

தீர்ப்பை அப்பீலுக்குக் கொண்டுபோனேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் கடை. போர்டு கிடையாது, வேப்பமரம்தான் அடையாளம். பாய்க்கு வயசு அறுபத்தெட்டு. புல்லட், யெஸ்டி காலத்திலிருந்து கையில் கிரீஸோடு இருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கு வாய் இல்லை சார். அதான் எல்லாரும் அது தலையிலயே பழியைப் போடறாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இழுத்தது. "எனக்குக் கத்துக் கொடுப்பீங்களா பாய்?" என்றேன்.

"ஏன் சார், ஆபீஸ்ல வேலை போயிருச்சா?"

"இல்லை பாய்... போறதுக்குள்ள கத்துக்கலாம்னுதான்."

"ஞாயித்துக்கிழமை வாங்க. வெள்ளைச் சட்டை வேணாம்."

ஃப்ளிட் பம்ப்பும் பூக்காரப் பெண்ணும்

முதல் ஞாயிறு ஸ்க்ரூடிரைவரையே கண்ணில் காட்டவில்லை. பாடம் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் வீட்டில் கொசுவுக்கு ஃப்ளிட் அடிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பம்ப்பைத் தள்ளினால் காற்று வேகமாக ஒரு குழாய் வாயைத் தாண்டும். அங்கே அழுத்தம் குறையும். டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறிப் புகைபோலச் சீறும். கார்புரேட்டர் அதேதான். என்ஜின் காற்றை இழுக்கிறது. காற்று ஒரு குறுகலான இடுப்பைத் தாண்டும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே கப்பில் நிற்கும் பெட்ரோல், ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக மேலே ஏறிப் பனித்துளியாகக் காற்றில் கலக்கிறது.

இதற்கு 1893-ல் ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இரண்டு பேர் காப்புரிமை வாங்கினார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி வாயால் ஊதிப் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து அவர்களுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ... கார்புரேட்டரைப் புரிந்துகொள்ள அந்தப் பூக்காரியே போதும்!

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய, சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் 'ரிச்': கரும்புகை, மைலேஜ் காலி. காற்று கூடினால் 'லீன்': என்ஜின் சூடேறும், பிக்கப் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வித்தைக்குத்தான் ட்யூனிங் என்று பெயர்.

நிரபராதி!

இரண்டாவது ஞாயிறும் பாய் கார்புரேட்டரைத் தொடவிடவில்லை. "மத்த சாட்சியெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் குற்றவாளிகிட்ட போகணும்" என்றார். சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டோம்.

முதல் சாட்சி, ஏர் ஃபில்டர். போன சர்வீஸில் புதுசு மாற்றியதாக ஒரு கடை பில் போட்டு என்னிடம் பணம் வாங்கியிருந்தது. கழற்றினால், கருவாட்டு நிறத்தில் பழைய ஃபில்டரே உட்கார்ந்திருக்கிறது! மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் யார்தான் ஓடுவார்கள்? காற்று குறைந்தால் கலவை ரிச்தானே?

இரண்டாவது, சோக். லீவர் மேலே வந்தாலும் உள்ளே முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் சரியாக இருந்தது.

மூன்றாவது, பிரேக். நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். என்னுடையது ஒரு சுற்றிலேயே "ஸ்...ஸ்..." என்று முனகி நின்றது. பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான்காவது, டயர் காற்று. அதிகம் சொல்ல வேண்டாம். வண்டியோடு வந்த மேனுவலில் அளவு இருக்கும். வாரம் ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான்.

ஐந்தாவது, டாப்பெட்டும் ஸ்பார்க் ப்ளக்கும். டாப்பெட் இடைவெளி தப்பாக இருந்தால் ஸ்லோ நிற்காது. அதற்காகக் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தால், பல்வலிக்குக் கண்ணாடி மாற்றிய கதைதான்.

ஃபில்டரை மாற்றி, பிரேக்கைத் தளர்த்தி, காற்றடித்து ஒரு வாரம் ஓட்டினேன். மைலேஜ் எவ்வளவு தெரியுமா? ஐம்பத்திரண்டு! கார்புரேட்டர் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அறுபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் காணாமல் போன இருபதில், பன்னிரண்டு வேறு இடங்களில் ஒளிந்திருந்தது. ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்துப் புதுசு போட்டிருந்தாலும் அந்தப் பன்னிரண்டு திரும்பியிருக்காது.

கப்பைத் திற

மூன்றாவது ஞாயிறு, பாய் என்னை "சார்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டுத் "தம்பி" ஆக்கினார். ப்ரமோஷன்! கையில் ஸ்க்ரூடிரைவர் வந்தது.

திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், கொசுவர்த்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கப்பின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிக்க வேண்டும். பிடித்தோம். அடியில் செம்மண் மாதிரி துரு. அதோடு முத்து முத்தாகத் தண்ணீர்.

அப்புறம் கப்பைக் கழற்றி, ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தால் சுத்தம். இல்லையென்றால் கார்புரேட்டர் க்ளீனர் அடித்துக் காற்றில் ஊத வேண்டும். "ஊக்கு, கம்பி எதையும் உள்ள விடாத தம்பி. பித்தளை மெத்துனு இருக்கும். ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும்."

காதுதான் கருவி

இப்போது கடைசிக் கட்டம். பத்து நிமிஷம் வண்டியை ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ வெளியே தெரியும். ஒன்று ஸ்லோ ஸ்க்ரூ. என்ஜின் எவ்வளவு வேகத்தில் சும்மா நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இன்னொன்று கலவை ஸ்க்ரூ. குழப்பமே அதில்தான்!

அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால், அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்று குறையும், ரிச். என்ஜின் பக்கம் இருந்தால், கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், லீன். ஆக, ஒருவர் வண்டிக்குச் சொன்ன வைத்தியம் அடுத்தவர் வண்டிக்குத் தலைகீழ். டீக்கடை ஆலோசனைகளில் பாதி கவிழ்வது இங்கேதான்.

என்ஜினை நிறுத்திவிட்டு, கலவை ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பும் வழி அதுதான். அழுத்தி இறுக்கினால் முனை உள்ளேயே ஒடிந்துவிடும், ஜாக்கிரதை. பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு வெளியே எடுங்கள். பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளில் ஒன்றரை, இரண்டு சுற்றை ஒட்டி இருக்கும்.

இனி ஸ்டார்ட் செய்து, கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் போனால் சத்தம் ஏறும். இன்னும் போனால் இறங்கும். எதிர்ப்பக்கம் வந்தாலும் அதே மாதிரி ஏறி இறங்கும். நடுவில் ஓர் இடத்தில் 'டுப் டுப் டுப்' என்று தாளம் தப்பாமல், எல்லாவற்றையும்விட வேகமாக நிற்கும். அதுதான் இடம்! பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்துச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை மறுபடி சரிபார்த்தால் முடிந்தது.

"ஒரு நேரத்துல ஒரே ஒரு ஸ்க்ரூ. ரெண்டையும் சேர்த்துத் திருப்பினா எது குணமாச்சு, எது கெட்டுச்சுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார் பாய். ஆபீஸ் ஃபைல்களுக்கும் பொருந்துகிற சட்டம்!

இத்தனூண்டு ஸ்க்ரூ மைலேஜைத் தீர்மானிக்குமா என்று கேட்கலாம். கேளுங்கள். ஆக்ஸிலேட்டரைக் கால்வாசிக்குள் முறுக்கும்வரை ஆட்சி செய்வது இந்த ஸ்க்ரூவும் ஸ்லோ ஜெட்டும்தான். நடு முறுக்கில் ஊசி. முழு முறுக்கில் மெயின் ஜெட். அண்ணா சாலையில் காலை ஒன்பதரை மணிக்கு முழு முறுக்கு யாருக்குக் கிடைக்கிறது? நம் ஆபீஸ் பயணமே கால்வாசி முறுக்கில்தானே!

ஒரு வாரம் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கரியாக இருந்தால் ரிச். வெள்ளை வெளேர் என்றால் லீன். பிஸ்கெட் நிறம் என்றால் உங்களுக்கு நீங்களே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிஸ்கெட் நிறம். மைலேஜ் ஐம்பத்தொன்பது.

"இன்னும் கொஞ்சம் லீன் வெச்சா அறுபத்தஞ்சு கிடைக்குமா பாய்?" என்று ஆசைப்பட்டேன். தலையிலேயே தட்டினார். லீனாக ஓடும் என்ஜின் சூட்டில் வேகும். யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். பெட்ரோலில் மிச்சம் பிடித்த காசு என்ஜின் வேலையில் போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2025-ல் நாடு முழுக்க 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் கலந்தே இருப்பதால், பழைய கார்புரேட்டரில் அதே ஜெட் வழியே போனாலும் கலவை கொஞ்சம் லீன் பக்கம் சாயும். எத்தனால் தண்ணீரையும் ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களைப் பதம் பார்க்கும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள். குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

பாய் எனக்கு ஏன் இதையெல்லாம் கற்றுக் கொடுத்தார் என்று ரொம்ப நாள் புரியவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தபிறகு புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் அநேகமாக விடைபெற்றுவிட்டது. இப்போது பெட்ரோலை அளந்து ஊற்றுவது கம்ப்யூட்டர். பாய் கடையில் வேலை கற்ற இரண்டு பையன்களும் ஷோரூமுக்குப் போய்விட்டார்கள். ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் ஸ்கேனர், நல்ல சம்பளம். பாய்க்கு அதில் வருத்தமில்லை. "பொழைக்கட்டும்" என்கிறார். ஆனால் தெருவில் ஓடும் பழைய வண்டிகளுக்கு எந்த ஸ்கேனரும் பேசாது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பார். ஏதோ தொழில் நுணுக்கம் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். நுணுக்கம்தான். ஆனால் இடது காது போய் நாலு வருஷமாகிறது. வலதும் மங்கிக்கொண்டே வருகிறதாம்.

போன ஞாயிறு ஓர் ஆர்.எக்ஸ். 100 வந்தது. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. வைத்திருந்தவரோ 2000-க்கு அப்புறம் பிறந்த பையன்! பாய் குனிந்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுச் சொல்லு தம்பி. ஏறுதா?"

"ஏறுது பாய்."

"இப்ப?"

"இன்னும் ஏறுது... ம்... அங்கேயே நிறுத்துங்க!"

பாய் கையை எடுத்துவிட்டார். சரிபார்க்கக்கூட இல்லை. அந்தப் பையனிடம், "எடுத்துட்டுப் போப்பா, சரியா இருக்கு" என்றார்.