கொல்லை மேட்டை வெட்டும் முன்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்ட் சரிவு நிலம் சும்மா கிடந்தால், சீசனுக்கு வருகிறவர்கள் தங்க ஓர் அறை போடலாமே என்று தோன்றும். மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமன்செய்தால் வேலை முடிந்தது என்பார் மேஸ்திரி. ஆபத்து அந்த வெட்டில்தான் இருக்கிறது.

அந்த மேடு மேல்வீட்டைத் தாங்கி நிற்கிறது. காய்ந்த மண் கெட்டியாகத் தெரியும். நாள்கணக்கில் மழைநீர் இறங்கினால் கனம் கூடும், பிடிப்பு விடும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண் 40 பேருக்கு மேல் பலிகொண்டது. தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பின்னால் தேங்கும் தண்ணீரே பல சுவர்களைத் தள்ளிவிடுகிறது. சுவரில் நீர் வடியத் துளைகளும், பின்புறம் ஜல்லியும், மேட்டின் தலையில் மழைநீரை ஒதுக்கிவிடும் வாய்க்காலும் வேண்டும். செப்டிக் டேங்க் சரிவின் விளிம்பில் வேண்டாம். என்னைக் கேட்டால், மண்ணை வெட்டாமல் சரிவோடு இணங்கி, தூண்கள்மேல் சிறிதாகக் கட்டுவதே நல்லது.

பக்கத்து மண் தரும் இயற்கையான தாங்கல் ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உள்ள உரிமை என்கிறது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு. இது வெறும் நிலத்துக்கு. அதன்மேல் நிற்கும் வீட்டுக்கோ, 20 ஆண்டுகள் இடையூறின்றித் தாங்கல் கிடைத்திருந்தால் 15ஆம் பிரிவு துணைநிற்கும். மேல்நிலத்திலிருந்து இயல்பாக வழியும் மழைநீரைக் கீழ்நிலத்துக்காரர் தடுக்கவும் முடியாது.

உள்ளாட்சியின் கட்டட அனுமதியோடு, ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ள கிராமமென்றால் கூடுதல் ஒப்புதலும் தேவை. நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். குடியிருப்புக்கு அனுமதி வாங்கிவிட்டு வாடகைக்கு விட்டால் சீல் வைக்கப்படலாம். நோட்டீஸ் வந்தால் வேலையை நிறுத்தி, கெடுவுக்குள் பதில் கொடுங்கள்.

வெட்டுவது பக்கத்து வீட்டுக்காரரா? தேதியோடு படமெடுத்து, உள்ளாட்சிக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதி வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வேலை நிற்காவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கோரலாம். சுவரில் விரிசல் கண்டால் அதன் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடைமழை இரவில் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் வெளியேறி, 1077க்கு அழையுங்கள்.