மின்கருவிக்கும் சான்று வேண்டும்

மருந்தொன்று கடைக்கு வருமுன் அது நோயைத் தீர்க்குமா, தீங்கு யாதேனும் செய்யுமா என்று சோதித்தறிதல் உலக வழக்கு. நோயாளியை வினவி விடை பதியும் கைபேசிச் செயலிக்கு மட்டும் அச்சோதனை வேண்டாவோ?

வேண்டுமென்றே 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கருதிற்று. மின்னியற் சுகாதாரக் கருவிகளின் பத்து வகைப் பயன்பாடுகளை எடுத்து, நன்மை தீமைகளோடு, மக்கள் ஏற்பரா, நடைமுறைக்கு இயலுமா என்பனவற்றையும் ஆராய்ந்து வழிகாட்டியொன்று வெளியிட்டது. பலவற்றிற்கு நிபந்தனையோடுதான் ஒப்புதல் கிடைத்தது.

நம் நாட்டிலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஜனவரியில், கொரோனாத் தொற்று நுழையும் வேளையில், வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து பின்தொடரும் முறையொன்று இலங்கையில் விரைந்து அமைக்கப்பெற்றது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளே அதன் அடித்தளம். மருத்துவத்தோடு சுகாதாரத் தகவலியலும் கற்ற வைத்தியர்கள் ஈண்டு இருந்தமையால் அது கைகூடிற்று. பிற நாடுகளும் பின்னர் அதனை எடுத்தாண்டன.

ஆயினும் எல்லாவிடத்தும் இவ்விணக்கம் வாய்ப்பதில்லை. வைத்தியர்க்குச் சான்றென்பது எண்ணிக்கை. இத்தனை பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேர் தேறினர் என்பது. வடிவமைப்போர்க்குச் சான்றென்பது கண்ணாற் கண்டது. திரையில் எவ்விடத்தே தயங்கினாள், எதனைத் தொடாது விட்டாள் என்பது. “ஐந்தாறு பேரைப் பார்த்தா முடிவு செய்வது?” என்பர் முன்னவர். “உமது ஆய்வு முடியுமுன் கருவியே மாறிவிடுமே!” என்பர் பின்னவர். இருவர் கூற்றிலும் உண்மை உளது.

என் தொழில் சொற்களோடு என்பதால் ஒன்று கூறுவேன். கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒரு தாயிடம், “மருந்து ஒவ்வாமை உண்டா?” என வினவின் விழிப்பாள். “எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” என்றால் உடனே விடை வரும். ஒவ்வாமை அழகிய சொல்லே. வகுப்பில் நான் கற்பிக்கும் சொல். எனினும் ஊசி போடுமுன் கேட்கும் வினாவில் சொற்செம்மையினும் விடை வருதலே பெரிது. பண்டிதன் இவ்வாறு கூறலாமோ என்று முனிவோர் முனிக!

விளங்காத வினாவிற்கு அவள் ‘இல்லை’ என்று தலையசைப்பாள். திரையில் ‘இல்லை’ என்றே பதியும். ஆண்டிறுதியில் அதுவே எண்ணாகி அறிக்கை ஏறும். வைத்தியரும் அதனைச் சான்றென்று கொள்வர். பெனிசிலின் அவளுடலுக்கு ஆகாது என்பதை அவ்வறிக்கையில் எவ்வெண்ணும் சொல்லாது.

கொழும்பிலிருந்து வினாக்களை எழுதுவோர், அவற்றைத் திரையில் ஏற்றுமுன், குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரோடு லயத்துக்குச் சென்று, ஒரு பகற்பொழுது வாளாவிருந்து கேட்பாராக.