கேரவன் வண்டியின் கூரை விசிறி

கோடை விடுமுறை நெருங்குங்கால் ஊர்ப்பயணத்தைப் பற்றிய பேச்சு நம் இல்லங்களில் எழுவது இயல்பே. விஷ்ராந்த்வாடியிலும், அதனையடுத்த தானோரி, டிங்ரே நகர், களஸ் முதலிய பகுதிகளிலும் வாழும் நம்மவர்க்கு, ரெயிலில் இடம் பெறுவதே பெரும்பாடாகிவிடுகிறது. ஆகவே, இரண்டு குடும்பங்கள் ஒன்றுகூடி, படுக்கையும் அடுப்பும் அமைந்த கேரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினால் என்ன என்று எண்ணுவோரும், பழைய டிராவலர் வண்டியை வாங்கி அவ்வாறு மாற்றியமைக்க விழைவோரும் இன்று உளர். மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகள் வகுத்தபின் இவ்வெண்ணம் வலுப்பெற்றிருக்கிறது.

வண்டியைப் பார்வையிடச் செல்வோர் மெத்தையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சியைப் போட்டுப் பார்க்கிறார்கள். தலைக்குமேல் கூரையில் இருக்கும் சிறு விசிறியை நிமிர்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. புனேயிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். வழியில் ஓரிரவேனும் வண்டிக்குள் உறங்க நேரிடும். குழந்தைகளும் முதியோரும் அவ்விரவை எவ்வாறு கழிப்பர் என்பது பெரும்பாலும் அவ்விசிறியைப் பொறுத்தே அமைகிறது.

வெப்பமுற்ற காற்று மேலே எழும் என்பது யாவரும் அறிந்ததே. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் கீழ் அக்காற்று தேங்கி நிற்கும். அதனோடு அறுவர் விடும் மூச்சின் ஈரமும், தாளிப்பின் ஆவியும் சேர்ந்தால் உள்ளே இருப்போர்க்குப் புழுக்கம் தாளாது. வண்டியின் உட்புறத்தில் வைக்கும் விசிறி இக்காற்றைக் கலக்குமேயன்றி வெளியேற்றாது. கூரையில் பொருத்திய விசிறியோ அதனை மேலே இழுத்து வெளியே தள்ளும். அவ்விடத்தை நிரப்பப் புதிய காற்று கீழே சன்னல் வழியாக நுழையும்.

இனி, விசிறியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். கேரவன் கூரைகளில் வைக்கும் திறப்பு பெரும்பாலும் 14 அங்குலச் சதுரமாக இருக்கும். அத்திறப்புக்குள் சிறிய இறகுடைய விசிறியும் வைக்கலாம். திறப்பு முழுவதையும் நிரப்பும் பெரிய விசிறியும் வைக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால், நிமிடத்திற்கு எத்தனை கன அடிக் காற்றை இழுக்கும் என்று கேட்டறிதல் வேண்டும். 15 அடி நீளமும், 6 அடி அகலமும், 6 அடி உயரமும் உடைய வண்டியின் உட்பகுதி 540 கன அடியாகும். நிமிடத்திற்கு 60 கன அடி இழுக்கும் சிறு விசிறி, அக்காற்றை ஒருமுறை மாற்ற 9 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 900 கன அடி என்று குறித்த பெரிய விசிறி, வலையும் மூடியும் தடுப்பதனால் பாதியளவே இழுத்தாலும், ஒன்றேகால் நிமிடத்தில் அவ்வேலையை முடித்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இவ்விசிறிகள் 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவன. பெரிய விசிறி முழு வேகத்தில் மூன்று முதல் ஐந்து ஆம்பியர் வரை இழுக்கக்கூடும்; குறைந்த வேகத்தில் அரை ஆம்பியரே போதும். 100 ஆம்பியர்-மணி உடைய ஈய-அமில பாட்டரியில் பாதியளவே செலவிடுவது நலம். முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓட்டினால் 40 ஆம்பியர்-மணி வரை தீர்ந்துபோகும்; மிதவேகத்தில், ஓர் ஆம்பியர் வீதம் ஓட்டினால் எட்டே போதும். எனவே, பல வேகங்களில் ஓடக்கூடியதும், பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார் உடையதுமான விசிறியே சிறந்தது. இரவில் அதன் ஓசையும் குறைவு.

நம் புனே மழைக்கு மற்றொரு தேவையும் உண்டு. மூடியைத் திறந்தவுடன் நீர் உள்ளே வழியுமானால், ஆனி ஆடியில் அவ்விசிறியால் பயனில்லை. ஆகவே, மேலே மழைமறைப்பு உடையதும், கொசுவலையைக் கழற்றிக் கழுவத்தக்கதும், காற்றை உள்ளிழுக்கவும் வெளித்தள்ளவும் இருதிசையிலும் சுழலவல்லதுமான விசிறியை நாடுதல் வேண்டும்.

பழைய விசிறியை மாற்ற விரும்புவோர், புதிதாகக் கூரையை அறுக்காமல், இருக்கும் திறப்பிலேயே பொருந்தும் விசிறியை வாங்குவது எளிது. பழைய பசையை முற்றும் சுரண்டித் துடைத்து, பியூட்டைல் நாடா இட்டு, திருகாணிகளின் தலைமேலும் கூரைக்கென உள்ள அடைப்புப் பசையைப் பூசுதல் வேண்டும். கம்பி மெல்லியதாயின் வோல்டேஜ் குறைந்து விசிறி தளரும், கம்பியும் சூடேறும். தயாரிப்பாளர் குறித்த அளவில் ஃபியூஸ் ஒன்றும் இன்றியமையாதது. புதிய திறப்பே வேண்டுமெனில், கூரையின் குறுக்குச் சட்டங்களை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடை செய்கிறது. ஆகவே, சங்கம் பாலத்தருகே உள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

நிற்க. இதுகாறும் கூறியவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் உயிரற்றுக் கிடந்தனர். ஏ.சி. ஓடுவதற்காக இயக்கிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் அடித்தளத்துத் துளை வழியே உள்ளே புகுந்ததே அதற்குக் காரணம் எனக் கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர் ஆய்ந்து கண்டனர். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இது பற்றிக்கொள்ளும். உறங்குவோர் விழித்தெழவும் வாய்ப்பின்றிப் போகலாம்.

இதற்கும் விசிறிக்கும் தொடர்பு யாது எனின், கூறுவோம். சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுக் கூரை விசிறியை வெளித்தள்ளும் திசையில் ஓட்டினால், உள்ளே காற்றழுத்தம் குறையும். அப்பொழுது வண்டி தன் அடித்தளத்து இடுக்குகள் வழியாகவே காற்றை உறிஞ்சும். அருகே ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடிக்கொண்டிருக்குமாயின், அப்புகையையே அது உள்ளே வரவழைத்துவிடும். நலம் செய்ய வைத்த விசிறி இவ்வாறு கேட்டுக்குத் துணைபோதலும் கூடும். ஆகவே விசிறியை ஓட்டும்பொழுதெல்லாம், புகை வாராத பக்கத்துச் சன்னலைத் திறத்தல் வேண்டும். அத்திறப்பின் பரப்பு கூரைத் திறப்பின் பரப்பினும், அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சதுர அடியினும், குறையாதிருத்தல் நன்று. ஆள் உறங்கும் வண்டியில் ஜெனரேட்டரையோ எஞ்சினையோ ஓடவிடலாகாது. அடித்தளத்துத் துளைகளை அடைத்து, கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் ஒன்றைப் படுக்கையருகே வைத்தல் வேண்டும். எத்துணை நல்ல விசிறியும் அந்த அலாரத்துக்கு ஈடாகாது.

விசிறியின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. வெளியே உள்ள காற்றைவிடக் குளிர்ந்த காற்றை அது தரமாட்டாது. புனே மேட்டுநிலத்தில் இருப்பதால், சித்திரை மாதத்திலும் இரவு சற்றே தணியும். அவ்வேளையில் நிழற்பக்கத்துச் சன்னலைத் திறந்து விசிறியை ஓட்டினால் வண்டி விரைவில் ஆறும். கிருஷ்ணகிரி கடந்து சென்னையை நெருங்க நெருங்க இரவுக் காற்றே வெம்மையும் ஈரமுமாக இருக்கும். அங்கே மேனிமேல் காற்று படும்படி உட்புறத்தில் சிறு விசிறி ஒன்றும் உடன் வேண்டும். நண்பகலில் வண்டியை மரநிழலில் நிறுத்துவது எந்த விசிறியினும் மேலான பயன் தரும். சமைக்கும்போது அடுப்பு மூட்டுமுன்னரே சன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுவிடுவதைத் தாய்மார்கள் வழக்கமாக்கிக்கொள்வார்களாக.

விஷ்ராந்த் என்னும் மராத்திச் சொல், விச்ராந்தி என்று நம் பாட்டிமார் சொல்லும் ஓய்வையே குறிப்பது. அவ்வோய்வு வழியிலும் நமக்கு வாய்க்க வேண்டுமாயின், முன்பணம் கொடுக்குமுன் வண்டிக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்போமாக: கூரை விசிறி எத்தனை கன அடி இழுக்கும்? எத்தனை மணி நேரம் பாட்டரியில் ஓடும்? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? அலாரம் ஒலிக்கிறதா? நான்காவதை அவர் சொல்லக் கேட்டு அமைதல் போதாது. பொத்தானை அழுத்தி, நம் காதாலேயே கேட்டுவிட்டுப் புறப்படுவதே குடும்பத்தோடு செல்வோர்க்கு அழகாகும்.