சேவையகத்தில் பணிசெயல் முறைமையைக் கையால் நிறுவுதல்

கணினியின் உறுப்புகள் யாவும் குறைவின்றி அமைந்திருப்பினும், அவற்றை ஒருங்கியக்கும் பணிசெயல் முறைமை இல்லாதவழி அஃது உயிரற்ற உடலையே ஒக்கும். நினைவகத்தைப் பங்கிடுதல், வன்றட்டிற் கோப்புகளைக் காத்தல், பல நிரல்களுக்கும் முறைவைத்து இடங்கொடுத்தல், வலையமைப்பில் வரும் செய்திகளை உரிய நிரலிடஞ் சேர்த்தல் ஆகியன அம்முறைமையின் தொழில்கள். மேசைக் கணினிக்கே இஃது இன்றியமையாததெனின், இரவும் பகலும் பலருக்குப் பணிபுரியும் சேவையகத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ?

சேவையகங்களிற் பெருவழக்காயுள்ளது லினக்ஸ் ஆகும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தோற்றுவித்த யுனிக்சின் கருத்துகளைத் தழுவி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலே லினக்ஸ். அக்கருநிரலுடன் வேண்டிய பிற நிரல்களையுந் திரட்டி முழுமுறைமையாக வழங்குந் தொகுப்புகளுள் ஒன்று, 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன்.

டெபியனை நிறுவுதற்கு வழிகள் இரண்டு. தொகுப்புடன் வரும் நிறுவி நிரல் கேட்கும் வினாக்களுக்கு விடையிறுத்துச் செல்லுதல் ஒன்று. ஒவ்வொரு படியையுங் கட்டளையிட்டுத் தாமே செய்தல் மற்றொன்று. முன்னது எளிது, விரைவும் உடையது. அங்ஙனமாயின் பின்னதாற் பயன் யாதோ எனின், முறைமை இயங்குதற்கு எவையெவை வேண்டும் என்பதும், அவற்றுள் ஒன்று குறைந்தால் யாது நிகழும் என்பதும் அவ்வழியிலேயே புலனாகும். பழுது நேர்ந்த நாளில் எங்கே நோக்குவதென அறிந்திருத்தல் அதன் பயன்.

முதலில், பென்டிரைவிலிருந்தே இயங்கவல்ல டெபியன் முறைமையொன்றைக் கொண்டு கணினியைத் தொடக்குதல் வேண்டும். அதற்குரிய கோப்பை இறக்கியதும், டெபியன் திட்டத்தார் வெளியிட்டுள்ள 64 இலக்கச் சரிபார்ப்பு எண்ணுடன் அதனை ஒப்புநோக்குக. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக வேறுபடும்.

அடுத்தது வன்றட்டைப் பிரிவிடல். நிறுவுதலில் மீட்சியற்ற படி இஃதொன்றே. ஏனைய படிகளிற் செய்த தவறுகளைத் திருத்தலாம். தவறான தட்டை அழித்தவன், வேறிடத்திற் படியெடுத்து வைத்திராவிடின், அதிலிருந்த தரவுகளைப் பெரும்பாலும் இழந்தவனே. ஆதலால், கட்டளையிடுமுன் தட்டின் பெயரை மட்டுமன்றி அதன் கொள்ளளவையும் தொடரெண்ணையும் ஒப்பிட்டு நோக்குதல் அறிவுடைமை. பழைய பிரிவிடல் முறையில் முதன்மைப் பிரிவுகள் நான்கே அமையும். 512 பைட்டு அலகுகளையுடைய தட்டில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனாற் சுட்டவும் இயலாது. ஜி.பி.ரி. எனும் புதுமுறைக்கு இக்குறைகள் இல்லை. அம்முறையில், கணினியின் தொடக்க நிரல் படிக்கத்தக்க சிறுபிரிவொன்றும், முறைமை தங்கும் பெரும்பிரிவொன்றும் வகுக்கப்படும். பெரும்பிரிவில் எக்ஸ்ட்4 கோப்புமுறைமை அமைக்கப்படும். அமைப்பில் நிகழவிருக்கும் மாற்றங்களை அது முன்கூட்டியே ஒரு பதிவேட்டிற் குறித்துக்கொள்ளுதலால், மின்சாரம் திடீரென நின்றாலும் ஒழுங்கு குலையாது மீளவல்லது.

இதன்பின், டெபூட்ஸ்ட்ராப் எனும் நிரல் டெபியன் களஞ்சியத்திலிருந்து அடிப்படைப் பொதிகளைக் கொணர்ந்து பெரும்பிரிவில் இடும். புதிய முறைமையின் உள்ளே புகுந்து நிற்பதுபோலப் பணிபுரிதற்கு, சீரூட் எனுங் கட்டளை துணைசெய்யும். ஆயின், அங்ஙனம் இடப்பட்டது இன்னும் தானே எழுந்து நிற்கவல்லதன்று. கருநிரலும், தொடக்கி நிரலும், எப்பிரிவை எங்கே பொருத்துவதெனக் கூறும் அட்டவணையும், நிருவாகியின் கடவுச்சொல்லும் அதன்கண் இல்லை. இவற்றை ஒவ்வொன்றாக நிரப்புதலே கையால் நிறுவுதலின் உயிர்நிலை எனலாம்.

அட்டவணையிற் பிரிவுகளைத் தட்டின் பெயராற் குறித்தல் தகாது. புதிய தட்டொன்றைச் சேர்த்தவிடத்து அப்பெயர்கள் இடம் மாறுதல் கூடும். கோப்புமுறைமைக்கே உரிய தனியெண்ணாற் குறிப்பின் அவ்விடர் இல்லை. கருநிரலை நிறுவும்போது சிறியதொரு தொடக்கக் கோப்புத்தொகுதியும் உருவாகும். அதன் தேவை சுவையானது. தட்டைப் படித்தற்குக் கருநிரலுக்குச் செலுத்திநிரல் வேண்டும். அச்செலுத்திநிரலோ அதே தட்டினுள் இருக்கும். பெட்டியின் திறவுகோல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதொத்த இவ்விடர்ப்பாட்டை, கருநிரலுடன் நினைவகத்தில் ஏற்றப்படும் அச்சிறுதொகுதி தீர்த்துவைக்கின்றது. இவ்விரண்டையும் ஏற்றுவது கிரப் எனுந் தொடக்கி நிரல். அதனைச் சிறுபிரிவில் நிறுவுதல் வேண்டும்.

எஞ்சியிருப்பது சேவையகத்தைப் பிறர் அணுகுதற்குரிய வழியை வகுத்தல். அதன் வலையமைப்பு முகவரி மாறாதிருத்தல் நன்று. தொலைவிலிருந்து ஆளுதற்கு எஸ்.எஸ்.எச். எனும் நெறி பயன்படும். வலையமைப்பிற் கடவுச்சொற்கள் திருடப்பட்ட நிகழ்ச்சியொன்றின்பின், 1995இற் பின்லாந்து நாட்டவரான தத்து யுலோனன் இதனை ஆக்கினார். செய்திகள் யாவும் மறைகுறியாக்கப்பட்டுச் செல்லுதல் இதன் சிறப்பு. நாளாந்தப் பணிக்கு எல்லா அதிகாரமும் உடைய நிருவாகிப் பெயரைக் கையாளாது, சாதாரணப் பயனர் பெயரொன்றை ஆக்கி, தேவையானபோது மட்டும் அதிகாரம் பெறுமாறு அமைத்தல் வேண்டும்.

இனிப் பென்டிரைவை நீக்கிக் கணினியை மீளத் தொடக்குக. தொடக்க நிரல் கிரப்பையும், கிரப் கருநிரலையும், கருநிரல் சிஸ்டம்டி எனும் முதல் நிரலையும், அது பிற சேவைகளையும் அடுத்தடுத்து எழுப்பும். அஞ்சலோட்டத்திற் கோல் கைமாறுவதுபோல, ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததைக் கண்டுபிடிக்கும் அளவுக்கே அறிந்துள்ளது. கோல் எவ்விடத்தில் விழுந்ததெனக் கண்டால் பழுதும் புலப்படும். கிரப் தோன்றாவிடிற் சிறுபிரிவை நோக்குக. கிரப் தோன்றியபின் கருநிரல் தனக்குரிய பெரும்பிரிவைக் காணாது நின்றால், தொடக்கியமைப்பிற் குறித்த தனியெண்ணையும் சிறுதொகுதியையும் ஆராய்க. பயனர் பெயரைக் கேட்கும் நிலைவரை வந்தும் வெளியிலிருந்து அணுக இயலாவிடின், வலையமைப்பை ஆராய்க. முன்பு கையால் இட்ட படிகளே இப்போது பழுதறியுங் கருவிகளாகின்றன.

ஆயிரக்கணக்கான கணினிகளை ஆளும் நிலையங்களில் ஒவ்வொன்றையும் கையால் நிறுவுதல் இயலாது. அங்கே தானியங்கு முறையே ஏற்றது. எனினும் அத்தானியங்கு முறையை வகுப்பவனும், அது தவறியவழித் திருத்துபவனும் இப்படிகளை அறிந்தோராதல் வேண்டும். வாய்பாட்டு நூல் கையிலிருப்பினும் கணக்கின் வழியை அறிந்தவனே விடையின் பிழையைக் காண்பான். அதுபோல ஒரு கணினியையேனுந் தன் கையால் நிறுவிக் கற்ற மாணவன், பின்னர்ப் பல கணினிகளின் பொறுப்பை அச்சமின்றி ஏற்கத்தக்கவனாவான்.